கேமராவுக்கு வெளியே ஒரு தந்தை

நேயர்களுக்கு வணக்கம். உயரமான கட்டடங்களின் விளிம்புகளில் குஞ்சு பொரிக்கும் பொரி வல்லூறுகளை இணைய கேமரா வழியாகப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருபவன் நான். அந்தக் கேமரா நமக்குக் காட்டுவது பாதிக் குடித்தனத்தை மட்டுமே என்பதைத்தான் இன்று சொல்ல வந்தேன். திரையில் பெரும்பொழுதும் தெரிவது பெண்பறவை; அதைவிட உருவில் சிறிய ஆண், அடைகாப்பதிலும் சிறிது நேரம் பங்கு கொண்டாலும், இரை தேடி அலையும் அதன் உழைப்பு முழுவதும் நம் கண்ணுக்கு எட்டாத வானத்தில் நடக்கிறது.

வல்லூறு சுள்ளி பொறுக்கிக் கூடு கட்டுவதில்லை. சரளையில் நெஞ்சை அழுத்தி, காலால் கீறிப் பறித்த சிறு பள்ளமே அதற்குப் போதும். அதில் செம்பழுப்பு நிறத்தில் பெரும்பாலும் 3 அல்லது 4 முட்டைகளை, சில நாள் இடைவெளிகளில் இடும். முதல் முட்டையை இட்டுவிட்டுத் தாய் அதன்மேல் அமராமல் விலகி நிற்பதைக் கண்டு பதறுகிறவர்கள் ஏராளம். பதற வேண்டியதில்லை. கடைசி முட்டைகள் வரும் சமயத்தில்தான் அது முழுமூச்சாக அடைகாக்கத் தொடங்கும். அதனால்தான் ஒரு மாதம் கழித்துக் குஞ்சுகள் ஏறக்குறைய ஒன்றாக வெளிவருகின்றன. முதல் குஞ்சு பல நாள் முந்திக்கொண்டால், கடைக்குட்டிக்கு இரை கிடைப்பது கடினம்.

இரையூட்டும் காட்சிக்கு வருகிறேன். ஆண் கொண்டுவந்த புறாவைத் தாய் நகங்களின் கீழ் அமுக்கி, நூலிழை போன்ற சதைத் துணுக்கைக் கிழித்து, தலையைச் சாய்த்து நீட்டுகிறது. தலை நிற்காமல் ஆடும் வெண்தூவிக் குஞ்சுகளில், எது வாயை நன்றாகத் திறக்கிறதோ அதற்கே முதல் கவளம். ஒரு குஞ்சுக்கே ஊட்டுகிறதே என்று தாயைக் குறை சொல்வதற்கு முன், அந்தக் குஞ்சின் கழுத்தடியைக் கவனியுங்கள்: தீனிப்பை புடைத்ததும் அது அப்படியே சரிந்து தூங்கிவிடும்; அடுத்த வாய்க்கு வழி கிடைக்கும். அந்தப் புடைப்பு, நாம் பார்க்காத வேட்டையின் கணக்கு என்பதை மீண்டும் சொல்கிறேன்.

இந்த ஆண்பறவையின் பங்கை உலகம் உணர்ந்தது 2022-இல். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாக மணிக்கூண்டில் ஆனி என்ற பெண்பறவை முட்டையிட்டிருந்த வேளையில், மார்ச் 31 அன்று அதன் துணையான கிரின்னெல் இறந்து கிடந்தது. ஊட்டத் துணையில்லாமல் ஆனி அடைகாக்க முடியாது, இந்த முட்டைகள் அவ்வளவுதான் என்றே பலரும் எண்ணினோம். ஆனால் அன்றைக்கே எங்கிருந்தோ ஓர் ஆண் வந்து, தனக்குச் சொந்தமில்லாத அந்த முட்டைகளின்மேல் அமர்ந்தது! பின்னர் ஆல்டன் என்று பெயர் பெற்ற அந்த ஆணின் உதவியோடு, மே மாதத்தில் 2 குஞ்சுகள் வெளிவந்தன. இதைத் தியாகம் என்று கொண்டாடியவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நல்ல முட்டையிடும் விளிம்பும், அதைக் காத்து நிற்கும் பெண்பறவையும் ஒருசேரக் கிடைப்பது அரிது. அந்த இடத்தைப் பிடிக்க ஆல்டன் கொடுத்த விலையாகவே அந்த உழைப்பு எனக்குத் தோன்றுகிறது. விலையைக் குறையாமல் கொடுத்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள்; டிடிடி பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். அந்தப் பூச்சிமருந்து இரை வழியே உடலில் சேர்ந்து முட்டையின் மேலோட்டை மெலிதாக்கியதால், அடைகாக்கும் தாயின் எடையிலேயே முட்டைகள் நொறுங்கின. அமெரிக்கா 1972-இல் அதன் பயன்பாட்டைப் பெரும்பாலும் தடைசெய்தது. வளர்த்து விடப்பட்ட குஞ்சுகளும் துணைசெய்ய, 1999-இல் அந்நாட்டின் அழிவாபத்துப் பட்டியலிலிருந்து இப்பறவை நீங்கியது.

குஞ்சுகள் ஏறக்குறைய 6 வாரத்தில் பறந்துவிடும். அதன்பின் விளிம்பு வெறிச்சோடினாலும், வெளியே சில வாரங்கள் பெற்றோர் இரை கொடுத்து வேட்டை பழக்குவது தொடரும். வணக்கம்.