ஒரு குப்பி மருந்து, அஞ்சு வீட்டுக் கோழி

வானொலி கேட்டுக்கொண்டிருக்கிற எல்லாருக்கும் வணக்கம். அடுப்படியில நிக்கிறவங்க, வயலுக்குப் போற வழியில போன்ல கேக்கிறவங்க, கோழிக்கூட்டுக்குள்ள ரேடியோவப் போட்டு வெச்சிருக்கிறவங்க எல்லாருக்கும்தான் இந்தக் கதை. நான் மட்டக்களப்பு, செங்கலடிப் பக்கம். 500 புரொயிலர், அதாவது இறைச்சிக் கோழி, வளர்க்கிறன், அதோட எங்கட பக்கத்துக் கோழி வளர்ப்பாளர் சங்கத்தில செயலாளராவும் இருக்கிறன். சங்கத்தால கோழி வளர்க்கிற ஆக்களுக்கு என்ன பிரயோசனம் எண்டு கதைக்கச் சொல்லிக் கூப்பிட்டாங்க. எனக்குத் தெரிஞ்சத, என்ட கூட்டில நடந்ததச் சொல்றன்.

சங்கம் எண்டு சொன்னா எங்கட ஆக்களுக்கு மனசில வாறது ஒரு மேசை, பூமாலை, மகஜர், மறுகா ஒரு போட்டோ. நானும் அப்படித்தான் நினைச்சிருந்தன். தொடக்கத்தில என்னட்ட இருந்தது 200 குஞ்சு. ராணிக்கெட் எண்ட கோழி வருத்தத்துக்குத் தடுப்பு மருந்து குடுக்கோணும் எண்டு தெரியும், ஆனா எனக்குக் கிடைச்ச குப்பி 1000 கோழிக்குரியது. ஒருக்கா கரைச்சா ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள முடிக்கோணும், மிச்சத்த மூடி வெச்சு நாளைக்குப் பாவிக்க ஏலாது. 200 கோழிக்குக் குடுத்துப் போட்டு 800 கோழிக்கான மருந்த மண்ணில ஊத்திறதா எண்டு யோசிச்சு யோசிச்சு அந்த முறை குடுக்காம விட்டுட்டன். இருபத்தாறாம் நாள் வெள்ளாப்பில கூட்டத் திறந்தா நாலு கோழி ஒரு மூலையில ஒடுங்கி நிக்குது, ஒண்டுக்குக் கழுத்து பின்னால திருகிப் போய் வானத்தப் பாக்குது, உமி முழுக்கப் பச்சைக் கழிச்சல். அண்டைக்குப் பின்னேரம் பதினேழு, அடுத்த நாள் அறுபது, மூண்டாம் நாள் எண்ணுறத விட்டுட்டன்.

இதில நான் செய்த பெரிய பிழை மருந்து குடுக்காம விட்டது இல்ல. ஒருத்தருக்கும் சொல்லாம விட்டதுதான். சொன்னா யாவாரி வரமாட்டான், மிச்சமிருக்கிற கோழியும் விலைபோகாது எண்ட பயம். செத்ததுகளச் சாக்கில கட்டி இருட்டினப்பிறகு வளவுப் பின்பக்கம் தாட்டன். அரைகுறையாத்தான் தாட்டன், நாய் கிளறிப்போட்டுது. ஒரு கிழமை போகல்ல, பக்கத்து வளவு அக்கா ஆசை ஆசையா வளர்த்த ஊர்க்கோழி பதினாலும் போச்சுது. அந்த அக்கா என்னட்ட வந்து "என்னடி தங்கச்சி, கோழிக்கு என்ன வருத்தமாம், உன்ட கோழி சுகமா இருக்கா" எண்டு கேட்டா. நான் "ஓம் அக்கா" எண்டு சொன்னன். அந்த ரெண்டு சொல்லு இண்டைக்கும் என்ட நெஞ்சுக்குள்ள கிடக்குது.

அதுக்குப் பிறகுதான் நாங்க அஞ்சு வீட்டுப் பொம்புளையள் சேர்ந்தது. அஞ்சு வீட்டில 200 படி வெச்சா 1000, ஒரு குப்பிக்குச் சரி. எல்லாரும் ஒரே நாள்ல குஞ்சு இறக்கிறது, ஒரே நாள்ல மருந்து. மிருக வைத்தியர் ஐயா வந்து எப்படிச் செய்யோணும் எண்டு காட்டித் தந்தார். குழாய்த் தண்ணி வேண்டாம், அதில குளோரின் இருக்கும், மருந்தக் கொண்டுபோடும், கிணத்துத் தண்ணி எடுங்க எண்டார். ஆடை நீக்கின பால்மாவ அளந்து அந்தத் தண்ணியில முதலே கரைக்கச் சொன்னார். மருந்துத் தண்ணி வைக்கிறதுக்கு முன்னால ஒரு மணித்தியாலமாவது கூட்டில தண்ணிய எடுத்துவிடோணும், அப்பதான் கோழி தாகத்தில ஒரே மூச்சாக் குடிக்கும். இன்னொண்டும் சொன்னார், அத நாங்க இண்டைக்கு வரைக்கும் மீறினது இல்ல: ஒருத்தர் மருந்தத் தூக்கிக்கொண்டு அஞ்சு கூட்டுக்குள்ளயும் ஏறி இறங்கக்கூடா, செருப்பில வருத்தம் போகும். அதால காலம அஞ்சரைக்கு எல்லாரும் என்ட வாசலுக்கு வருவாங்க, அவங்கவங்க ரெஜிபோம் பெட்டியில ஐஸ் போட்டுக்கொண்டு. வாசல்லயே கரைச்சு அளந்து போத்தல்ல ஊத்தி ஐஸுக்குள்ள வெச்சு, சைக்கிள்ல ஏறிப் போயிருவாங்க. ஆறரைக்குள்ள அஞ்சு கூட்டிலயும் கோழி குடிச்சு முடிஞ்சிரும். எங்கட சங்கம் பிறந்தது அந்த வாசல்லதான், பதிவு, சீல், வங்கிப் புத்தகம் எல்லாம் பிறகு வந்தது.

இப்ப செங்கலடி, கிரான், ஏறாவூர் எண்டு தமிழாக்களும் முஸ்லிமாக்களும் சேர்ந்துதான் இருக்கிறம். எங்கட முதல் சட்டம் என்னெண்டா, கூட்டில ஒரு நாளைக்கு வழமைக்கு மேல கோழி செத்தா அண்டைக்கே வட்ஸ்அப்ல போடோணும். போட்ட ஆள ஒருத்தரும் குறை சொல்லக்கூடா. அந்தக் கோழிய வெளியில விக்கிறதும் இல்ல, மிருக வைத்தியரக் கூப்பிடுறதும் குழி வெட்டிச் சுண்ணாம்பு போடுறதும் சங்கம் பாக்கும், அந்த ஆள் அடுத்த குஞ்சு இறக்கச் சங்கக் காசில கைமாத்துக் கிடைக்கும். கைமாத்து இல்லாட்டி ஒருத்தரும் உண்மை சொல்லமாட்டாங்க, அது எனக்கு நல்லாத் தெரியும், ஏனெண்டா நான் சொல்லல்லயே. அதோட முட்டைத் தட்டு. ஒரு பண்ணைத் தட்டு யாவாரியோட லொறியில ஏறி இன்னொரு பண்ணைக்குப் போகுது, அதோட எச்சமும் போகுது. முட்டைக் கோழி வளர்க்கிற எங்கட லேயர்காரர் பிளாஸ்டிக் தட்டத்தான் பாவிக்கிறாங்க, கழுவி வெயில்ல காய வெச்சுத்தான் திருப்பி எடுப்பாங்க.

அடுத்தது கணக்குக் கொப்பி. இதப் பத்திக் கதைச்சா சிலபேருக்கு அலுப்பா இருக்கும், ஆனா காசு அங்கதான் போகுது. கோழிக்கு நாம செலவழிக்கிற காசில நூத்துக்கு அறுபத்தஞ்சு எழுபது தீனுக்குத்தான் போகுது. ரெண்டு கிலோக் கோழி நல்லா வளர்ந்தா மூண்டேகால் கிலோ, மூண்டரைக் கிலோத் தீன் தின்னும். 500 கோழிக்கு முப்பத்தி மூண்டு முப்பத்தஞ்சு மூட்டை, ஐம்பது கிலோ மூட்டை. கிரான் பக்கம் ஒரு தம்பி, எங்கட அங்கத்தவர், அவருக்கு முப்பத்தொன்பது மூட்டை போயிருக்கு, தீன் கொம்பனி ஏமாத்துது எண்டு கூட்டத்தில சண்டை பிடிச்சார். மூண்டு பேர் அவர்ட கூட்ட வாசல்ல நிண்டு பாத்தம். தீன் பாத்திரம் கோழிட கால்மட்டத்தில கிடக்குது. கோழி கிளறுது, சொண்டால இறைக்குது, உமியக் கையால அள்ளிப் பாத்தா பாதி தீன். பாத்திரத்திட விளிம்பு கோழிட முதுகு மட்டத்துக்கு வரோணும், கோழி வளர வளர கயித்தச் சுருக்கி உயர்த்தோணும். அவ்வளவுதான். அடுத்த முறை முப்பத்தி நாலு மூட்டையில முடிச்சார். அஞ்சு மூட்டைக் காசு, ஒரு கயித்து முடிச்சில. கொப்பியில எழுதாம இருந்திருந்தா அவர் இண்டைக்கும் கொம்பனிக்குத்தான் ஏசிக்கொண்டிருப்பார். அந்தக் கொப்பியக் கொண்டுபோய்க் காட்டித்தான் எங்கட மூண்டு பேர் வங்கியில கடன் எடுத்தாங்க.

யாவாரிமாரப் பத்தியும் சொல்லோணும், எல்லாரும் கெட்டவங்க இல்ல. ஆனா ஒரு யாவாரி எனக்குச் செய்தது இது: முப்பத்தெட்டாம் நாள் வாறன் எண்டு சொல்லி நாப்பத்தி மூண்டாம் நாள் வந்தார், வந்து விலை விழுந்துட்டு எண்டார். அந்த வயசில 500 கோழி ஒரு நாளைக்கு ரெண்டு மூட்டைக்குக் கிட்டத் தின்னும். அஞ்சு நாள் சுணங்கினா பத்து மூட்டை, அது அவருக்கும் தெரியும், எனக்கு வேற வழி இல்லை எண்டதும் தெரியும். இப்ப ஒவ்வொரு பின்னேரமும் ஆர் எந்த ஊர்ல என்ன விலைக்குக் குடுத்தது எண்டு எங்கட குறூப்பில வரும். ஒருத்தருக்குக் குறைச்சுச் சொன்னா அஞ்சு நிமிசத்தில எல்லாருக்கும் தெரியும். ஒரு குப்பியப் பங்கிடுற வீடுகள் ஒரே நாள்ல இறக்கினாலும், சங்கத்தில மற்றக் குழுக்கள் குஞ்சு இறக்கிற நாளப் பிரிச்சுத்தான் வெச்சிருக்கிறம். வைகாசியில கண்ணகியம்மன் சடங்கு நடக்கேக்க எங்கட ஊர்ல மச்சம் சமைக்காத வீடுதான் கூட, அந்தக் கிழமையில ஆயிரக்கணக்கில கோழிய வெச்சுக்கொண்டு என்ன செய்யிற? ஆனா காத்தான்குடி, ஏறாவூர்ப் பக்கம் கல்யாணம், பெருநாள் எண்டு வாற காலம் வேற. ரெண்டு பக்கத்து ஆக்களும் ஒரே பாயில இருந்து கலண்டரப் பாத்தா ஒருத்தர்ட கோழியும் தேங்காது.

வெக்கையான கச்சான் காத்து அடிக்கிற ஆனி ஆடியில பகல் பத்து மணிக்குத் தீனத் தூக்கி, சாக்க நனைச்சுக் கட்டி, பின்னேரம் நாலுக்குப் பிறகு தீன் வைக்கச் சொல்லி காலமயே ஒரு மெசேஜ் போகும். சிறுபோகம் வெட்டி முடிஞ்ச கையோட அம்பாறை மில்லுகள்ல இருந்து லொறியில உமி எடுத்து மழைக்கு முன்னால பிரிச்சிருவம், ஈர உமியிலதான் இரத்தக் கழிச்சல் வரும். 2022 மார்ச்சில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டின நேரம் குஞ்சுக்குச் சூடு குடுக்கச் சிரட்டைக்கரிச் சட்டி வெச்சு, புகை வெளியேற மேல திறந்து விட்டு, முறை வெச்சு முழிச்சிருந்துதான் குஞ்சக் காப்பாத்தினம்.

ஆனா அந்த வருஷம் எங்கட கைக்கு எட்டாத விசயங்கள் நடந்தது. டொலர் இல்ல, தீனில பாதியளவு சோளம்தான், உரம் இல்லாம உள்ளூர்ச் சோளமும் விழுந்துட்டு, தீன் விலை ஏறினது ஏறினதுதான். அந்த ஆகஸ்ட்ல அரசாங்கம் வெள்ளை முட்டை 43 ரூபா, சிவப்பு முட்டை 45 ரூபாக்கு மேல விக்கக்கூடா எண்டு விலை போட்டாங்க. சனம் பட்டினி கிடந்த நேரம், முட்டை மலிவாக் கிடைக்கோணும் எண்டு அவங்க நினைச்சதில எனக்குக் கோவம் இல்ல. ஆனா உற்பத்திச் செலவே அந்த விலைக்குக் கிட்ட நிண்டா ஆர் கோழி வளர்க்கிற? எங்கட லேயர்காரர் ஒருத்தர் முட்டை விடுற கோழிய இறைச்சிக்கு ஏத்தினத நான் கண்ணால கண்டன், ஒவ்வொண்டாத் தூக்கிக் குடுத்துப்போட்டு வெறுங்கூட்டுக்குள்ள நிண்டார். கடைசியில 2023இல இந்தியாவில இருந்து முட்டை கப்பல்ல வந்தது. இப்படியான இடத்தில அஞ்சு வீட்டுச் சங்கத்தால ஒண்டும் ஏலாது. கொழும்பில இருக்கிற தேசிய மட்டச் சங்கங்கள்தான் அமைச்சுக்குப் போய்க் கணக்குக் காட்டோணும், அவங்க அண்டைக்குக் கதைச்சாங்க, அது நல்லது. என்ட மனக்குறை ஒண்டுதான்: குருநாகல், புத்தளம், கம்பஹாவில இருக்கிற பெரிய பண்ணைகள்ட செலவும் எங்கட செலவும் ஒண்டு இல்ல. எங்களுக்குக் குஞ்சும் தீனும் அங்கால இருந்து லொறியில வரோணும். அந்தக் கூலியும், வழியில சாகிற குஞ்சும் அவங்கட கணக்கில இல்ல. எங்கட கொப்பிகள் அங்க போகோணும் எண்டுதான் இப்ப அலையுறம்.

இந்தியாவில நாமக்கல் முட்டை விலை எண்டு செய்தியில கேட்டிருப்பீங்க. முந்தி அங்கயும் யாவாரிமார்தான் விலை சொன்னது, வளர்த்தவன் நட்டத்தில நிண்டான். 1982இல பி.வி.ராவ் எண்ட ஒருத்தர் முன்னுக்கு நிண்டு பண்ணைக்காரரச் சேர்த்து முட்டை ஒருங்கிணைப்புக் குழுவ உருவாக்கினார், அதுக்குப் பிறகுதான் பண்ணைக்காரரே விலை அறிவிக்கத் தொடங்கினாங்க. இண்டைக்கு நாமக்கல்ல அறிவிக்கிற விலையப் பாத்துத்தான் தமிழ்நாட்டில கடைக்காரனும் விலை சொல்றான். எங்களுக்கு அவ்வளவு பெரிசா வேண்டாம், மட்டக்களப்புக்கெண்டு, அம்பாறைக்கெண்டு ஒரு விலை ஒவ்வொரு நாளும் இதே வானொலியில வாசிச்சாலே போதும். நிலைய ஆக்களிட்ட இண்டைக்கு உள்ள வரேக்கயே கேட்டுட்டன்.

சங்கத்தில சேருறவங்களுக்கு ஒண்டு சொல்றன், கணக்குக் கேளுங்க. மாசச் சந்தா எங்க போச்சு, குஞ்சு எந்த விலைக்கு எடுத்தது, விலைக் கழிவு ஆருக்குக் கிடைச்சது எண்டு எழும்பிக் கேளுங்க. நாங்க கணக்குக் கொப்பியக் கூட்டத்தில நடுவில வெக்கிறம், வாசிக்கத் தெரியாத ஆக்களுக்குப் பிள்ளையள் வாசிச்சுக் காட்டும். புதுசாத் தொடங்கிறவங்க 100 குஞ்சோட தொடங்குங்க, முதல்ல உங்கட பக்கத்து மிருக வைத்திய அலுவலகத்தில பதிஞ்சுகொள்ளுங்க, வந்தாறுமூலையில கிழக்குப் பல்கலைக்கழக விவசாய பீடம் இருக்கு, சந்தேகம் இருந்தா அங்க போய்க் கேக்கிறதில வெக்கப்பட ஒண்டுமில்ல.

அந்தப் பக்கத்து வளவு அக்காவிட்ட ரெண்டு வருஷத்துக்குப் பிறகு போய் உண்மையச் சொன்னன். அவ கனநேரம் ஒண்டும் பேசல்ல. மறுகா "அப்ப அடுத்த முறை மருந்து குடுக்கேக்க என்ட பத்துக் கோழிக்கும் சேர்த்துக் கரை" எண்டா. நாளைக்குக் காலம மருந்து நாள். அஞ்சரைக்கு ஆக்கள் வந்திருவாங்க, நான் போய் ஐஸ் உறைய வைக்கோணும், அக்காட பத்தையும் சேர்த்துத்தான் அளக்கோணும்.

கேட்டுக்கொண்டிருந்த எல்லாருக்கும் நன்றி, வணக்கம்.