இந்தியாவுக்கு வருமான வரியைக் கொண்டுவந்தவர் ஒரு தொப்பிக்காரர்!

[திரையில்: ஒரு பழைய தொப்பி. பக்கத்திலேயே வருமான வரிப் படிவம்.]

இந்த இரண்டுக்கும் என்ன சம்பந்தம்? சம்பளத்தில் வரி பிடிக்கும்போதெல்லாம் யாரைத் திட்டுவது என்று தெரியாமல் பொதுவாகத் திட்டி வைக்கிறோம், இல்லையா? இன்றைக்கு ஆளைக் காட்டுகிறேன். இந்தியாவில் முதன்முதலில் வருமான வரி போட்டவர், கல்லூரிப் படி ஏறாத ஒரு தொப்பி வியாபாரி.

ஏன் இந்தக் கதை? போன மாதம் கல்யாணப் பந்தியில் பக்கத்து இலை மாமா கேட்டார்: "ஏம்ப்பா, நீ படிச்சது மெக்கானிக்கல். பட்ஜெட்டைப் பத்திப் பேச உனக்கு என்ன தகுதி?" வாயில் ஜாங்கிரி இருந்ததால் தப்பித்தேன். மாமா, பதில் இதோ.

ஆளின் பெயர் ஜேம்ஸ் வில்சன். 1805இல் ஸ்காட்லாந்தின் ஹாயிக் ஊரில் பிறந்தவர். பதினாறு வயதில் தொப்பித் தொழில், அப்புறம் லண்டனில் வியாபாரம். நடுவில் அவுரிச் சாயத்தில் பணத்தைப் போட்டு, 1837 நெருக்கடியில் பெரும்பகுதியைத் தொலைத்தார். சரி, கையைச் சுட்டுக்கொண்டவர் வாயை மூடிக்கொண்டு இருந்தாரா? தானிய இறக்குமதிக்கு வரி போட்டு ரொட்டி விலையை ஏற்றிய சட்டங்களை எதிர்த்து எழுத ஆரம்பித்தார். 1843இல் சொந்தமாகவே ஒரு பத்திரிகை தொடங்கினார். அதுதான் 'தி எகனாமிஸ்ட்'. இன்றைக்குப் பொருளாதாரம் பேசுகிறவர்கள் மேற்கோள் காட்டுகிற அதே பத்திரிகை!

பிறகு எம்.பி., கருவூலச் செயலாளர், இன்றைய ஸ்டாண்டர்டு சார்ட்டர்டின் ஒரு பாதியான வங்கியை நிறுவியவர். வேகமாக ஓட்டிவிடுகிறேன், சுவாரசியம் கல்கத்தாவில் இருக்கிறது.

1857 கிளர்ச்சியை அடக்கிய செலவில் இந்திய அரசின் கஜானா காலி. நிதியைச் சரிசெய்ய 1859 கடைசியில் வில்சனைக் கப்பலேற்றி அனுப்பினார்கள். 1860இல் இந்தியாவின் முதல் பட்ஜெட்டைப் போட்டார். வருடத்துக்கு 200 ரூபாய் வருமானம் இருந்தால் 2 சதவீதம் வரி, 500க்கு மேல் போனால் 4 சதவீதம். சட்டம் வந்த ஜூலை 24ஐத்தான் இன்றைக்கும் வருமான வரி நாளாகக் கொண்டாடுகிறார்கள். கொண்டாடுவது யார் என்று கேட்காதீர்கள்.

[திரையில்: சென்னை வரைபடம்.]

இப்போது நம்ம ஊருக்கு வாருங்கள். இந்த வரியைப் பார்த்துக் கொதித்தவர் மதராஸ் கவர்னர் சார்லஸ் ட்ரெவெலியன். சென்ட்ரல் பக்கம் பீப்பிள்ஸ் பார்க் அமைத்தவர். இவருக்கு முறையான படிப்பு உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளைத் தயார்செய்த ஹெய்லிபரி கல்லூரியில் மால்தஸிடமே பாடம் கேட்டவர். உணவு உற்பத்தியை மக்கள்தொகை மிஞ்சிவிடும் என்று எச்சரித்த பொருளாதார அறிஞர் மால்தஸ்தான், அவரேதான்! 'புது வரி எதற்கு, ராணுவச் செலவைக் குறையுங்கள்' என்பது ட்ரெவெலியன் வாதம். அதை மேலிடத்துக்கு எழுதியதோடு நிறுத்தியிருந்தால் வேலை மிஞ்சியிருக்கும். தன் குறிப்பைப் பத்திரிகைக்கே கொடுத்துவிட்டார். கவர்னரே கோப்பை லீக் செய்த கேஸ்! லண்டன் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது.

ஆக, படித்தவர் ஒரு பக்கம், தொப்பிக்காரர் ஒரு பக்கம். யார் சொன்னது சரி? என்னைக் கேட்டால், ராணுவச் செலவு விஷயத்தில் ட்ரெவெலியன் பேச்சில் நியாயம் இருந்தது. அதற்காக மாமா துள்ள வேண்டாம். பத்துப் பதினைந்து வருடம் பின்னால் போங்கள், அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பஞ்சம். ஏறக்குறைய 10 லட்சம் பேர் செத்தார்கள். அப்போது லண்டனில் நிவாரணப் பொறுப்பில் இருந்து கையை இறுக்கிப் பிடித்தவர் இதே ட்ரெவெலியன். 'அரசு சந்தையில் தலையிடாதே' என்று எழுதிக்கொண்டிருந்தது வில்சனின் பத்திரிகை. மால்தஸின் மாணவரும் தொப்பி விற்றவரும் ஒரே குழியில் விழுந்தார்கள். அதனால்தான் யாராவது பொருளாதாரம் பேசினால் நான் பட்டத்தைப் பார்ப்பதில்லை. போன தடவை என்ன சொன்னார், என்ன நடந்தது, தப்பானபோது ஒப்புக்கொண்டாரா என்று பார்க்கிறேன். என்னையும் அப்படியே சோதியுங்கள். பழைய வீடியோ எதையும் நான் அழிக்கவில்லை, தைரியமாகப் போய்ப் பாருங்கள். தங்கம் விலை குறையும் என்று சொன்ன வீடியோவை மட்டும் தயவுசெய்து தவிர்க்கவும்.

மிச்சக் கதை? வில்சன் வந்து ஒன்பது மாதம்கூட ஆகவில்லை, 1860 ஆகஸ்டில் கல்கத்தாவில் வயிற்றுக்கடுப்பில் இறந்துபோனார். துரத்தப்பட்ட ட்ரெவெலியன், வில்சன் உட்கார்ந்த அதே நிதி நாற்காலிக்குத் திரும்பி வந்தார். அவர் காலத்திலேயே, 1865இல், அந்த வரி முடிவுக்கு வந்தது. பிறகு வேறு வேறு சட்டங்களாகத் திரும்பியது உங்கள் சம்பளச் சீட்டுக்கே தெரியும்.

வில்சனை எல்லோரும் மறந்துபோனார்கள். கல்லறை எங்கே இருக்கிறது என்பதுகூட மறந்துபோயிருந்தது. அதைத் தேடிக் கண்டுபிடித்தவர் யார் தெரியுமா? ஒரு வருமான வரி அதிகாரி. செத்தாலும் விட மாட்டார்கள் போல!