அட்டையில் இருக்கும் காய்தான் கூடையில் இருக்கணும்

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

உழவர் சந்தையில் கடை போட என்னென்ன வேண்டும், என்னென்ன கூடாது என்று சொல்லச் சொல்லி வானொலி நிலையத்தில் கூப்பிட்டார்கள். நான் அதிகாரி இல்லைங்க. தொண்டாமுத்தூர் பக்கம் ஒன்றே கால் ஏக்கர் தோட்டம் எங்களுடையது. கத்தரி, வெண்டை, கொஞ்சம் தக்காளி, வாய்க்கால் ஓரம் கீரைப் பாத்தி. 17 வருஷமாகக் கோவையில் ஒரு உழவர் சந்தையில் உட்கார்ந்து விற்கிறேன். அதனால் விதிகளைப் புத்தகத்தில் படித்துச் சொல்லப்போவதில்லை, உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் திறந்தது. அதே வருஷம் ஆந்திராவில் ரைத்து பஜார் என்று தொடங்கியிருந்தார்கள். பஞ்சாப் பக்கம் அப்னி மண்டி என்று அதற்கும் முன்னாலேயே இருந்தது. எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். விளைவித்தவரே விற்கணும், நடுவில் ஆள் இருக்கக் கூடாது. நான் இனிமேல் சொல்லப்போகிற ஒவ்வொரு விதியும் இந்த ஒன்றைக் காப்பாற்றத்தான் வந்திருக்கிறது. இது மனதில் இருந்தால் "இதெல்லாம் எதுக்கு இந்த ஆபீசரு கேக்கறாரு?" என்கிற கோபம் பாதி போய்விடும்.

சரி, அட்டையிலிருந்து தொடங்கலாம். அடையாள அட்டை இல்லாமல் உள்ளே உட்கார முடியாது. அதற்குச் சிட்டா, அடங்கல், ஆதார், ரேஷன் கார்டு, போட்டோ எல்லாம் எடுத்துக்கொண்டு சந்தை அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுக்கணும். சிட்டா நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று சொல்லும். அடங்கல் அதில் என்ன பயிர் நிற்கிறது என்று சொல்லும். நிறையப் பேர் சிட்டாவை மட்டும் நகல் எடுத்துக்கொண்டு வந்து திரும்பிப் போவதைப் பார்த்திருக்கிறேன். சந்தைக்காரருக்கு முக்கியம் அடங்கல்தான். கிராம நிர்வாக அலுவலரிடம் போய், இந்த சர்வே எண்ணில் இத்தனை சென்ட் கத்தரி, இத்தனை சென்ட் வெண்டை என்று இப்போது நிற்கிற பயிரை ஏற்றச் சொல்லி வாங்குங்கள். போன வருஷம் போட்ட மஞ்சளே இன்னும் அதில் இருந்தால் பிரயோஜனம் இல்லை. குத்தகைக்கு ஓட்டுகிறவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்கணும். உங்கள் பெயர் சிட்டாவில் வராது. நிலத்துக்காரரோடு எழுதிக்கொண்ட சீட்டையும் எடுத்துக்கொண்டு முதலில் கிராம அலுவலரிடமே போய்ப் பேசுங்கள்.

அதற்கப்புறம் சந்தை அலுவலர் தோட்டத்துக்கு வந்து பார்ப்பார். எங்கள் தோட்டத்துக்கு வந்தவர் கத்தரிச் செடிக்குள் நடந்துபோய், எத்தனை நாள் பயிர், என்ன ரகம், எத்தனை நாளுக்கு ஒரு பறிப்பு என்றெல்லாம் கேட்டார். எனக்கு அப்போது புரியவில்லை. 20 சென்ட் கத்தரியில் நாலு நாளைக்கு ஒரு தரம் பறித்தால், நன்றாகக் காய்க்கிற சமயத்தில் 60, 70 கிலோ வரும். அதே ஆள் ஒரு நாள் 200 கிலோ கத்தரியோடு வந்து இறங்கினால் மிச்சம் எங்கிருந்து வந்தது? அந்தக் கணக்குக்காகத்தான் அவர் கேட்டிருக்கிறார்.

அட்டையில் உங்கள் போட்டோவோடு வீட்டாள் போட்டோவும் இருக்கும். எங்கள் அட்டையில் நானும் வீட்டுக்காரரும் இருக்கிறோம். விண்ணப்பம் கொடுக்கும்போதே மறக்காமல் வீட்டில் எல்லார் பெயரையும் சேர்த்துவிடுங்கள். ஏன் என்று ஒரு சம்பவம் சொல்கிறேன்.

நான் விற்க வந்து மூன்றாவது வருஷம். பக்கத்துத் தோட்டத்து அண்ணனுக்குக் காய்ச்சல். முருங்கைக்காய் பறித்துக் கட்டாகக் கட்டி வைத்திருக்கிறார், ஆள் எழுந்திருக்க முடியவில்லை. நான்தான், "குடுங்கண்ணா, நம்ம காயோட வித்துட்டு வர்றேன்" என்று வாங்கிப் போனேன். அலுவலர் வந்தார், அட்டையைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார்.

"அம்மா, உங்க அட்டையில முருங்கை இல்லையே."

"பக்கத்துத் தோட்டத்து அண்ணனோடதுங்க சார். காய்ச்சல்ல படுத்திருக்காருங்க."

"அவர் அட்டையில அவர் சம்சாரம் போட்டோ இருக்குதில்ல? அவங்களை வரச் சொல்லுங்க. நீங்க விக்க முடியாது."

அன்றைக்கு அந்த முருங்கைக் கட்டு பூராவும் விற்காமல் வீடு திரும்பியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு வாரம் அவரைத் திட்டிக்கொண்டே இருந்தேன். இப்போது யோசித்தால் அவர் செய்ததுதான் சரி. எனக்கு விட்டால் நாளைக்கு ஒரு வியாபாரி வந்து அதே கதையைச் சொல்வார், அவருக்கும் பக்கத்துத் தோட்டத்து அண்ணன் ஒருவர் இருப்பார்.

வியாபாரிகள் வராமலும் இல்லை. விடியற்காலை மொத்த மார்க்கெட்டில் பெட்டி பெட்டியாக எடுத்து, யாரோ ஒரு விவசாயியின் அட்டையை வாங்கிக்கொண்டு வந்து உட்காருவார்கள். அதைக் கண்டுபிடிக்கப் பழைய அலுவலர் ஒருவர் ஒரு வழி வைத்திருந்தார். தக்காளி விற்கிறவரிடம் போய்ச் சும்மா பேச்சுக் கொடுத்துக்கொண்டே விரலைப் பார்ப்பார். தக்காளி பறித்த கை பச்சை ஏறிக் கறுத்துப்போகும், சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் உடனே போகாது. விரல் வெள்ளையாக இருந்தால் அடுத்த கேள்வி, "எந்த ஊருங்க தோட்டம்?" தெரிந்தவர், சொந்தக்காரர், ஐந்நூறு ரூபாய் தருகிறேன் என்றார் என்று அட்டையை யாருக்கும் கொடுக்காதீர்கள். பிடிபட்டால் போவது உங்கள் அட்டை. அவர் வேறு அட்டை தேடிக்கொள்வார்.

மலைக்காய் என்கிற கேரட், பீன்ஸ், முட்டைகோஸ் எல்லாம் மலைப்பக்கம்தான் அதிகம் விளையும். அதற்குத் தனியாக இடம் ஒதுக்கித் தருவார்கள். நாம் நாலு கிலோ வாங்கி வந்து நம் கூடையில் வைத்துக்கொள்ளக் கூடாது. வாங்க வருகிறவர்கள், "எல்லாம் ஒரே எடத்துல இருந்தா நல்லாருக்குமே" என்பார்கள். நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அது மளிகைக் கடை ஆகிவிடும்.

அடுத்தது விலை. நிறையப் பேர் சந்தேகப்படுவது இதில்தான். விலையை நாம் வைக்க முடியாது. காலையில் மொத்த மார்க்கெட் விலையைக் கேட்டு, வெளியே சில்லறைக் கடை விலையையும் பார்த்து, விவசாயிகளையும் வைத்துக்கொண்டு அலுவலர்கள் முடிவு செய்வார்கள். மொத்த விலையைவிட நூற்றுக்கு 20 கூட, சில்லறை விலையைவிட 15 குறைவு என்பது கணக்கு. மண்டியில் கத்தரி கிலோ 20, கடையில் 30 என்று வையுங்கள். மேலே 20 சதவீதம் போட்டால் 24. கடை விலையில் 15 சதவீதம் கழித்தால் 25.50. போர்டில் 25 என்று எழுதுவார்கள். இரண்டு கணக்கும் ஒத்து வராத நாளும் உண்டு. மண்டியில் 20, கடையில் 24 என்றால் எப்படிப் போடுவது? அன்றைக்குக் கொஞ்சம் சத்தம் இருக்கும்.

போர்டில் எழுதின விலைக்கு மேலே ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. அந்த 25 ரூபாயில் கடை வாடகை கிடையாது, கமிஷன் கிடையாது. நான் முன்பு காய் போட்ட மண்டியில் நூற்றுக்குப் பத்து கமிஷன், அதுபோக இறக்குக் கூலி, சாம்பிள் என்று நாலு காய். 20 ரூபாய்க் கத்தரிக்குக் கையில் 17 வந்தால் பெரிது.

ஆனால் ஒன்று சொல்லணும். அஞ்சு ஏக்கர் தக்காளி போட்டவருக்கு இந்தச் சந்தை ஆகாது. ஒரு ஆள் உட்கார்ந்து ஒவ்வொரு கிலோவாக நூறு பெட்டி விற்க முடியுமா? அவர் மண்டிக்குத்தான் போகணும். இங்கே சரிப்படுவது நம்மைப் போலக் கொஞ்சம் கொஞ்சமாக நாலைந்து வகை போடுகிறவர்களுக்கு. கீரையை நான் நாலு பாத்தியாகப் பிரித்து வாரத்துக்கு ஒரு பாத்தி விதைக்கிறேன். சிறுகீரை 25 நாளில் பிடுங்க வந்துவிடும். ஒரு பாத்தி முடியும்போது அடுத்தது தயாராக இருக்கும். தினம் கூடையில் ஏதாவது இருந்தால்தான் வாடிக்கை நிற்கும்.

தராசு சந்தையிலேயே கொடுப்பார்கள், எலக்ட்ரானிக் தராசு. காலையில் வாங்கி, முடிந்ததும் திருப்பிக் கொடுக்கணும். வேறு எங்காவது சொந்த எலக்ட்ரானிக் தராசு வைத்து விற்கிறவர்கள் வருஷா வருஷம் முத்திரை போட வேண்டும். தொழிலாளர் துறையில்தான் அதைச் செய்கிறார்கள். தட்டை வைத்ததும் எண் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று வாங்குகிறவர் பார்க்கிற மாதிரி திருப்பி வையுங்கள். கேட்பதற்கு முன்னால் காட்டிவிட்டால் பேச்சே வராது.

பிளாஸ்டிக் கவர் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. "பையை மறந்துட்டேன், ஒரு கவர் குடும்மா" என்று தினம் பத்துப் பேர் கேட்பார்கள். நான் பழைய வேட்டியைக் கிழித்துத் தைத்த பை நாலைந்து வைத்திருக்கிறேன். எடுத்துப் போகிறவர்களில் பாதிப்பேர் திருப்பித் தருகிறார்கள். மீதிப்பேரை நான் கேட்பதில்லை.

பழம் விற்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது குற்றம். பழம் மேலே மஞ்சளாக இருக்கும், உள்ளே காயாக இருக்கும், வெட்டினால் தெரிந்துவிடும். காய் போடுகிறவர்களும் மருந்து அடித்தால் டப்பாவில் போட்டிருக்கிற காத்திருப்பு நாள் முடிந்த பிறகுதான் பறிக்கணும். இதைச் சந்தையில் யாரும் கேட்க மாட்டார்கள். நாம் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

அப்புறம், மகளிர் குழுவில் இருக்கிறவர்கள் ஊறுகாய், வடகம், எண்ணெய் என்று கொண்டுவரக் கேட்கிறார்கள். விவசாயி தன் தோட்டத்து மாங்காயை மாங்காயாகவே விற்றால் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பதிவு கேட்காது. விவசாயி கையில் இருக்கும் விளைபொருளை அந்தச் சட்டம் வெளியே வைத்திருக்கிறது. அதே மாங்காயை வெட்டி உப்புப் போட்டுப் பாட்டிலில் அடைத்தால் கதை வேறு. பதிவு எண் வாங்கணும். என்னென்ன சேர்த்தது, எடை, தேதி, யார் செய்தது என்று லேபிள் ஒட்டணும். இடமும் சந்தை அலுவலகம் ஒதுக்கித் தந்தால்தான் போட முடியும்.

காய் கொண்டுவர டவுன் பஸ்ஸில் உழவர் சந்தை அட்டை வைத்திருப்பவர்களுக்கு லக்கேஜ் கட்டணம் இல்லை. 2021இலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டும் கிடையாது. ஆக, நானும் கூடையும் சும்மாவே போய் வருகிறோம். கண்டக்டர் புதியவராக இருந்தால் மட்டும் அட்டையை எடுத்து நீட்டணும்.

விண்ணப்பம் கொடுக்கப் போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள். மத்தியானத்துக்கு மேல் சந்தை காலியாகிவிடும், அலுவலர்களும் தோட்டம் பார்க்கக் கிளம்பிவிடுவார்கள். எனக்கு இன்று சாயங்காலம் வெண்டை பறிக்க வேண்டியிருக்கிறது. ஒரு நாள் விட்டாலும் முற்றிவிடும். வரட்டுங்களா, வணக்கம்.