கொட்டகைக்குப் போகும் கரண்ட்

மதுரை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

திருநகர், ஆனையூர், ஊமச்சிகுளம் பக்கங்களில் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் காலியிடம் உள்ளவர்கள் ஒரு தகரக் கொட்டகை போட்டுக்கொள்கிறார்கள். முதலில் அதில் கார் நிற்கும். பிறகு கிரைண்டர் வரும், டிரில்லிங் மிஷின் வரும். கம்ப்ரசரும் வெல்டிங் மிஷினும் வந்து சேர்ந்ததும் கார் வெயிலுக்குப் போய்விடும். இவ்வளவுக்கும் செலவழித்தவர், கரண்ட் கொடுக்க மட்டும் அடுப்படி பிளக்கிலிருந்து ஓர் ஒயரை இழுத்து, துணி காயப்போடும் கொடியோடு கட்டுக்கம்பியால் முறுக்கிவிடுவார். காற்றில் ஆடி ஆடி அந்த முடிச்சில் ஒயரின் உறை தேயும். மிச்சத்தை அணில் பார்த்துக்கொள்ளும். செம்பு வெளியே தெரிகிற அன்றைக்கும் ஈரத்துணியோடு யாராவது அந்தக் கொடிக்கு வரத்தான் செய்வார்கள்.

பட்டறைக்கான லைன் மீட்டரை அடுத்த மெயின் போர்டிலேயே தனி எம்.சி.பி.யோடு, அதாவது கரண்ட் அளவுக்கு மீறினால் தானே விழும் சுவிட்சோடு, தொடங்க வேண்டும். நான் சொல்ல வந்ததில் முக்கால்வாசி இதுதான்.

ஒயரின் தடிமனை மிஷின் இழுக்கும் கரண்டும் தூரமும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. போர்டிலிருந்து கொட்டகை 30 மீட்டர் என்றால், கரண்ட் போய்வரும் வழி 60 மீட்டர். 1.5 ஸ்கொயர், அதாவது 1.5 சதுர மில்லிமீட்டர், செம்பு ஒயரில் அதற்கு மின்தடை ஏறக்குறைய 0.7 ஓம். 2 எச்.பி. கம்ப்ரசர் ஓடும்போது சுமார் 10 ஆம்பியர் எடுக்கும். 7 வோல்ட் குறையும், போகட்டும். ஆனால் கிளம்பும்போது ஐந்தாறு மடங்கு இழுக்கும். 50 ஆம்பியர் என்றே வையுங்கள், 35 வோல்ட் ஒயரிலேயே போய்விடும். 230 கிடைக்க வேண்டிய இடத்தில் 195. சித்திரை மாத இரவில், தெருவே ஏ.சி. போட்டுக்கொண்டு தூங்கும்போது, 230 என்பதே நம் ஆசைதான். மோட்டார் சுழல முடியாமல் உறுமும், காயில் சூடேறும். லைட் மங்கியதும் மின்வாரியத்துக்குத் திட்டு விழும். இதே தூரத்துக்கு 6 ஸ்கொயர் போட்டால், கிளம்பும்போதும் இழப்பு 10 வோல்ட்டைத் தாண்டாது.

மண்ணுக்கடியில் போகும், உலோகக் கவசம் சுற்றிய ஆர்மர்டு கேபிளே நல்லது. எர்த்துக்கும் சேர்த்து மூன்று கோர் வாங்குங்கள். இரண்டரை அடி ஆழத்தில், கீழும் மேலும் மணல் இட்டு, அதன்மேல் செங்கல் பரப்புங்கள். பின்னாளில் தென்னங்கன்று வைக்கக் கடப்பாரை போடுபவருக்கு அந்தச் செங்கல் தட்டுப்பட வேண்டும்.

எர்த் விஷயத்தில்தான் எனக்குக் கோபமே வரும். சிலர் கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரல் ஒயரை எர்த் முனையோடு முறுக்கிவிட்டு, "டெஸ்டர் எரியவில்லை, பாருங்கள்" என்கிறார்கள். எரியாதுதான். வழியில் நியூட்ரல் அறுந்துபோனால், மிஷினுக்குள் புகுந்த கரண்ட் திரும்ப வழியில்லாமல் அதன் உடம்புக்கே வந்துவிடும். மிஷின் இரும்பு மேஜையில் இருக்கிறது, மேஜை தகரச் சுவரைத் தொட்டுக்கொண்டு இருக்கிறது. பிறகு கொட்டகையில் எங்கே கை வைத்தாலும் ஷாக்.

கொட்டகையின் இரும்புச் சட்டத்தையும் எர்த்தோடு சேருங்கள். எர்த் குழியில் கரியும் உப்பும் போட்டாயிற்று, இனி ஆயுசுக்கும் கவலையில்லை என்று இருக்க வேண்டாம். வைகையே வறண்டு கிடக்கும் கோடையில் குழி மண்ணும் காய்ந்து அதன் தடை ஏறிவிடும். அவ்வப்போது ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். மிஷின் லைனுக்கு, கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம் வேண்டும். அதன் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறையாவது அழுத்திப் பாருங்கள். பலர் வீட்டில் அந்தப் பட்டன் மாட்டிய நாளிலிருந்து தூசியோடு இருக்கிறது.

லைட்டுக்கு வேறு எம்.சி.பி., மிஷினுக்கு வேறு. கிரைண்டர் சிக்கி எம்.சி.பி. விழுந்தாலும் சக்கரம் உடனே நிற்பதில்லை. அந்த நேரத்தில் இருட்டிவிடக் கூடாது.

வேலையை உரிமம் உள்ள வயர்மேனிடம் கொடுங்கள். எர்த்தை அளந்து காட்டச் சொல்லிவிட்டு அப்புறம் கூலியைக் கொடுங்கள்.

இதெல்லாம் சொந்த வண்டியைப் பழுது பார்ப்பவருக்கு. வெளியார் வண்டிக்குக் கூலி வாங்க ஆரம்பித்தால் வீட்டு இணைப்பில் பட்டறை ஓட்டக் கூடாது. மின்வாரியத்தில் தனி இணைப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும். அது வந்ததும் வீட்டுப் போர்டிலிருந்து போன பழைய கேபிளை இரு முனையிலும் கழற்றிவிடுங்கள். இரண்டு மீட்டரின் நியூட்ரலும் கொட்டகைக்குள் ஒன்றோடொன்று சேரக் கூடாது. வணக்கம்.