மரத்துக்குக் கணக்கு உண்டு, மரம் ஏறியவருக்கு?

நேயர்களுக்கு வணக்கம்.

இயற்கைப் பேரிடரும் ஏழை மக்களும் என்ற பொருளில் பேச நிலையத்தார் அழைத்தார்கள். ரொம்பப் பெரிய பொருள் இது. அதனால் நான் கிட்டத்தில் இருந்து பார்த்த ஒரே ஒரு புயலை மட்டும் வைத்துப் பேசுகிறேன்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. காற்று மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேல். கரையோடு ஓய்ந்துவிடாமல் முத்துப்பேட்டை, பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஆலங்குடி என்று உள்நாட்டுக்குள் புகுந்து அடித்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. தென்னந்தோப்புகள் போன கதி உங்களில் பலருக்கு நினைவிருக்கும். தாத்தா வைத்த தோப்பு பேரன் கண்ணெதிரே ஒரே ராத்திரியில் படுத்துவிட்டது. அந்த விவசாயிகளின் துயரத்தை யாரும் குறைத்துப் பேச முடியாது. மரத்தை நம்பி மகள் கல்யாணத்துக்கு நாள் குறித்தவர்களை எனக்குத் தெரியும்.

விழுந்த மரம் ஒன்றுக்கு அரசு 1,100 ரூபாய் அறிவித்தது. மரத்துக்கு 600, வெட்டி அப்புறப்படுத்த 500. ஹெக்டேருக்கு 175 மரம் என்று வைத்து 1,92,500 ரூபாய். போதாது என்று விவசாயிகள் சொன்னார்கள், அதில் நியாயம் இருந்தது. ஆனால் போதுமா போதாதா என்று வாதாடவாவது அவர்கள் கையில் ஒரு கணக்கு இருந்தது.

பேராவூரணிப் பக்கம் தேங்காய் வெட்டும் தொழிலாளி ஒருவர். நிவாரண மனு எழுதித் தர உட்கார்ந்திருந்த எங்களிடம் வந்தார். மனுவில் 'சேத விவரம்' என்று ஒரு கட்டம். அதில் என்ன எழுதுவது என்று கேட்டேன். "எனக்கு மரம் இல்லீங்க. நான் ஏறுன மரம்தான் எல்லாம் விழுந்துபோச்சு. அதை எழுத முடியுமா சார்?" என்றார். எழுத முடியவில்லை. அந்தக் கட்டம் பொருளைக் கேட்டது. வீடு, மரம், மாடு, படகு. போன கூலியை எழுத அதில் இடமே இல்லை.

ஒரு தோப்பை நம்பி எத்தனை பேர் இருந்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். நாற்பத்தைந்து நாளைக்கு ஒரு தரம் காய் வெட்டு. வெட்டுபவர், பொறுக்கிச் சேர்ப்பவர், மட்டை உரிப்பவர், லாரியில் ஏற்றுபவர், களத்தில் கொப்பரை காய வைப்பவர், கயிறு திரிப்பவர் என்று ஒரு வெட்டுக்குப் பின்னால் ஒரு தெருவே வேலை பார்க்கும். இவர்களில் பெரும்பாலானவர்களுக்கு ஒரு குழி நிலம்கூடச் சொந்தமில்லை. நெட்டை ரகக் கன்றை இன்றைக்கு நட்டால் காய்ப்புக்கு வர ஐந்து முதல் ஏழு வருடம் ஆகும். நில உடைமையாளருக்கு அது ஐந்து வருட வருமான இழப்பு, சரி. அந்தத் தெருவுக்கும் அதே ஐந்து வருடம்தானே?

புயல் முடிந்த முதல் இரண்டு மாதம் இது வெளியே தெரியவில்லை. விழுந்த மரத்தை அறுத்து அப்புறப்படுத்த ஆள் தேவைப்பட்டது, கூலியும் கிடைத்தது. வெளியூரிலிருந்து நிவாரண லாரிகள் வந்தன, பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். மரமெல்லாம் அறுத்து முடித்து, லாரிகளும் போன பிறகு, அடுத்த கோடையில்தான் வீட்டில் அடுப்பு எரியாத நிலை வந்தது. அப்போது கேமராவோடு யாரும் வரவில்லை.

கீற்று முடையும் பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பச்சை மட்டையை இரண்டாகப் பிளந்து, தண்ணீரில் ஊறப்போட்டு, தோப்பு நிழலில் உட்கார்ந்து வரிசையாக முடைந்துகொண்டே போவார்கள். புயலுக்குப் பிறகு கொஞ்ச காலம் மட்டைக்குப் பஞ்சமில்லை, தரையெல்லாம் மட்டைதான். அதெல்லாம் காய்ந்து மக்கிய பிறகு முடைய ஓலை இல்லை. அதே நேரத்தில், கூரை பறந்துபோன அவர்கள் சொந்தக் குடிசையை வேயவும் கீற்று இல்லை. வேலையும் கூரையும் ஒரே மரத்திலிருந்து வந்தவை, இரண்டும் சேர்ந்தே போயின. நிவாரணமாகக் கிடைத்த தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு அடுத்த மழைக்காலத்தையும் கடத்திய வீடுகள் உண்டு.

முழுவதும் சேதமான குடிசைக்கு 10,000, பகுதி சேதத்துக்கு 4,100 என்று அறிவித்தார்கள். அதை வாங்குவதிலும் சிக்கல். வாய்க்கால் கரையிலும் கோயில் இடத்திலும் குடியிருப்பவர்களுக்குப் பட்டா கிடையாது. ஒரே குடிசைக்குள் அண்ணன் குடும்பம், தம்பி குடும்பம், வயதான அம்மா என்று மூன்று அடுப்பு எரியும், ரேஷன் கார்டு ஒன்றுதான் இருக்கும். 27 பொருள் அடங்கிய நிவாரணப் பெட்டகமும் அப்படித்தான், கார்டுக்கு ஒன்று. வெளியூர் இளைஞர்கள் அன்போடு கொண்டுவந்த அரிசியும் போர்வையும் மெயின் ரோட்டு ஊர்களிலேயே பெரும்பாலும் தீர்ந்துவிட்டன. உள்ளே இரண்டு கிலோமீட்டர் தள்ளி, ஊருக்கு ஒதுக்குப்புறமாக இருக்கும் காலனித் தெருக்களுக்கு மிச்சம்தான் போனது, சில இடங்களில் அதுவும் போகவில்லை. ஊரும் சேரியும் பிரிந்திருக்கும் வரை நிவாரணமும் பிரிந்துதான் போய்ச் சேரும் என்பதை 2004 சுனாமியின்போதே நாகப்பட்டினம் கடற்கரையில் பார்த்தோம். அதைச் சரிசெய்ய நமக்குப் பதினான்கு வருடம் இருந்தது.

பேரிடர் நிவாரண நிதி விதிகளில் வாழ்வாதாரம் இழந்தவர்களுக்கென்று ஒரு பிரிவு அப்போதும் இருந்தது. ஒரு நாளைக்குப் பெரியவருக்கு 60 ரூபாய், குழந்தைக்கு 45 ரூபாய். அதுவும் முப்பது நாளைக்கு, நீட்டித்தால் இன்னும் கொஞ்ச நாளைக்கு. ஐந்து வருடம் போன வேலைக்கு இது எந்த மூலைக்கு?

இடைவெளியை எது நிரப்பியது என்றால், கடன். குழுக்கடன் வாரத் தவணைக்குப் புயல் தெரியாது. நகை அடகுக்குப் போனது. ஆண்கள் திருப்பூருக்கும் கேரளத்துக்கும் வண்டி ஏறினார்கள். கஜா அடித்த சில வாரங்களிலேயே, வீட்டைச் சரிசெய்யப் பணமில்லாமல் பத்து வயதுப் பையன் ஒருவனை 36,000 ரூபாய்க்கு ஆடு மேய்க்க விட்ட செய்தி பத்திரிகைகளில் வந்தது. பையனை அதிகாரிகள் மீட்டுவிட்டார்கள். பெற்றவர்களை எவ்வளவோ பேர் திட்டினார்கள். ஒரு கூரைக்காகப் பிள்ளையை அனுப்பும் நிலையில் ஒரு குடும்பம் நின்றதே, அதற்கு நாம் எல்லோரும் பதில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

'கூலி இழப்பை எப்படிக் கணக்கெடுப்பது, யார் வேலை பார்த்தார்கள் என்று எப்படித் தெரியும்?' என்று அதிகாரிகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்கு நம் மாநிலத்திலேயே பதில் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகு மீன்பிடிக்குத் தடை. அந்த நாட்களுக்கு மீனவக் குடும்பங்களுக்கு அரசு உதவித்தொகை கொடுக்கிறது. சொந்தப் படகு இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. வேலையில்லாத நாளுக்கு உதவி என்ற எண்ணம் நமக்குப் புதிதில்லை. கடலில் செய்வதைத் தோப்பிலும் வயலிலும் உப்பளத்திலும் செய்ய முடியும். வேதாரண்யத்து உப்பளத் தொழிலாளிக்கும் இதே கதைதான். பாத்தி சேறாகிப்போனால் இழப்பு உப்பள முதலாளி பெயரில்தான் பதிவாகும்.

கஜா அடித்தபோது இருந்த நூறு நாள் வேலையில், பேரிடர் பாதித்த பகுதி என்று அறிவித்தால் கூடுதலாக ஐம்பது நாள் வேலை தர வழி இருந்தது. அப்படியொரு வழியைக் கேட்டு வாங்க வேண்டும். அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரிய அட்டை இருந்தால், புயலுக்கு மறுநாள் 'நீ யார்' என்ற கேள்விக்கு அதைக் காட்டலாம். அட்டை இல்லாதவர்கள்தான் அதிகம்.

அக்டோபர் 2 அன்று எல்லா ஊராட்சியிலும் கிராம சபை கூடும். வடகிழக்குப் பருவமழைக்குக் கொஞ்சம் முன்னால் வரும் நாள் அது. மரம் ஏறுபவர், மட்டை உரிப்பவர், கீற்று முடைபவர், நடவுக்குப் போகிறவர் என்று நம் ஊரில் அன்றாடக் கூலியில் வாழ்கிறவர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்றை அந்தக் கூட்டத்திலேயே வாசித்துத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். காலனித் தெருப் பெயர்களை முதலில் வாசிக்கச் சொல்லுங்கள். ஒரு நகலை வட்டாட்சியர் அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வணக்கம்.