கயிறு எழுதிய மண்: ஜோமோன் மக்களின் கைத்திறன்

அவைத் தலைவருக்கும் அன்பர்களுக்கும் வணக்கம்.

1877ஆம் ஆண்டு, கடல்வாழ் உயிரினங்களை ஆராய ஜப்பானுக்கு வந்த எட்வர்ட் மோர்ஸ் என்ற அமெரிக்க விலங்கியலாளர், யோகோஹாமாவிலிருந்து தோக்கியோ செல்லும் ரயிலில் போய்க்கொண்டிருந்தபோது, ஓமோரி என்னுமிடத்தில் பாதைக்காக வெட்டப்பட்ட மேட்டில் சிப்பிகள் அடுக்கடுக்காகப் புதைந்திருப்பதைக் கண்டார். பண்டைய மக்கள் தின்று கழித்த குப்பை அது என்று அவர் உடனே ஊகித்தார். அவ்வாண்டே அங்கு அகழ்ந்தபோது கிடைத்த பானை ஓடுகள் பலவற்றின் மேல் கயிற்றின் தடம் பதிந்திருந்தது. அந்தத் தடமே பின்னர் ஒரு பண்பாட்டுக்குப் பெயராகி, ஜோமோன் என்று நிலைத்தது.

அந்தத் தடம் எப்படி உண்டானது என்பது உடனே விளங்கிவிடவில்லை. பாயையோ துணியையோ ஈர மண்ணில் அழுத்தியிருப்பார்கள் என்று அறிஞர்கள் பல காலம் கருதினர். யமனோஉச்சி சுகாவோ என்னும் தொல்லியலாளர்தாம் 1930களின் தொடக்கத்தில் தாமே கயிறு திரித்து, அதை ஈரக் களிமண்ணின் மேல் உருட்டிப் பார்த்து உண்மையைக் கண்டறிந்தார். அழுத்துவதன்று, உருட்டுவதே அதன் நுட்பம். புரி முறுக்கிய கயிற்றுத் துண்டை உள்ளங்கையால் ஒருமுறை உருட்டினால், நெல்மணிகளைச் சாய்த்து அடுக்கியது போன்ற வரிசைகள் மண்ணில் விழும். முறுக்கு வலமா இடமா என்பதைப் பொறுத்து அந்தச் சாய்வு திசை மாறும். எதிரெதிராக முறுக்கிய இரண்டு கயிறுகளைச் சேர்த்து உருட்டினால் இறகு போன்ற கோலம் கிடைக்கும். ஆகவே ஓர் ஓட்டைக் கையிலெடுத்தால், மண்ணோடு அழிந்துபோன கயிற்றின் புரி எத்தனை, முறுக்கு எப்பக்கம் என்பதைக்கூட இன்று சொல்லிவிட முடிகிறது. மேதைமை என்ற சொல்லை நான் அடிக்கடி பயன்படுத்துவதில்லை. யமனோஉச்சியின் அந்தச் சோதனைக்கு அது தகும்.

பயிர்த்தொழில் வந்த பிறகே மனிதன் பானை வனைந்தான் என்று பாடநூல்கள் நெடுங்காலம் கற்பித்தன. ஜப்பானின் சான்று அதற்கு இடங்கொடுக்கவில்லை. அஓமோரி மாநிலத்தின் ஓதாய் யமமோத்தோவில் கிடைத்த ஓடுகள் 16,000 ஆண்டுகளுக்கும் முற்பட்டவை. நெல் வயல்கள் அந்நாட்டில் பரவியதோ மிகப் பிந்தைய காலத்தில். ஜோமோன் மக்கள் மான், காட்டுப்பன்றி, சால்மன் மீன், சிப்பி, கொட்டை வகைகள் ஆகியவற்றைக் கொண்டே பல்லாயிரம் ஆண்டுகள் வாழ்ந்தனர். பானை வனையும் சக்கரம் அவர்களிடம் இல்லை. களிமண்ணைத் திரித்து வளையம் வளையமாக ஏற்றி, இணைப்பைத் தடவி, சூளை இன்றித் திறந்தவெளித் தீயில் சுட்டனர்.

அந்தக் கைகளால்தான், ஏறத்தாழ 5,000 ஆண்டுகளுக்கு முன், இன்றைய நீகத்தா மாநிலத்தில், விளிம்பெல்லாம் கொழுந்துவிட்டு எரிவதாகத் தோன்றும் தீச்சுடர்ப் பானைகள் பிறந்தன. நாகவோக்கா நகரின் உமதக்காவில் கிடைத்தது அவற்றுள் புகழ்பெற்றது. இவற்றை வழிபாட்டுக்கே உரியவை என்று சொல்லும் வழக்கம் உண்டு. ஆனால் பலவற்றின் உட்புறத்தில் உணவு கருகிய கறை படிந்திருப்பதால், இவற்றில் சமைத்திருக்கிறார்கள் என்பது உறுதி. அழகும் பயனும் ஒரே பாத்திரத்தில் இருக்கக்கூடாது என்பது அருங்காட்சியகக் கண்ணாடிப் பேழைகள் நமக்குப் பழக்கிய எண்ணமேயன்றி வேறில்லை. தோகு எனப்படும் மண்ணுருவங்களையும் இவ்வாறே அவசரப்பட்டு அன்னைத் தெய்வம் என்று முத்திரை குத்திவிடுகிறார்கள். பெரும்பாலானவை உடைந்த நிலையில் கிடைப்பதை விளக்காமல் அம்முடிவுக்கு வருவது முறையாகாது.

பானைகளைவிட என்னை வியக்க வைப்பது அவர்களுடைய உருஷி என்னும் அரக்கு வேலை. நாம் அறிந்த அரக்கு பூச்சியிலிருந்து வருவது. இதுவோ ஒரு மரத்தின் பட்டையைக் கீறி வடிக்கும் பால். அது தோலில் பட்டால் கடுமையாக அரித்துத் தடிக்கும். அதை வடிகட்டி, செந்நிறத்துக்குச் செங்காவியோ இங்குலிகமோ கலந்து, மெல்லிய பூச்சாகப் பூசவேண்டும். வெயிலில் வைத்தால் சரியாக இறுகாது. ஈரப்பதம் மிகுந்த இடத்தில்தான் கெட்டிப்படும். ஒரு பூச்சு இறுகிய பிறகே அடுத்த பூச்சு. ஃபுக்குயி மாநிலத்தின் தோரிஹாமா சிப்பி மேட்டில், சேற்றுநீரில் காற்றுப்படாமல் கிடந்ததால், சுமார் 6,000 ஆண்டுப் பழமையான சிவப்புச் சீப்பு ஒன்று நிறம் மங்காமல் வெளிவந்தது. எந்தப் பருவத்தில் எந்த மரத்தைக் கீறுவது என்பது முதல் இத்தனை படிகளையும் தலைமுறைதோறும் கற்பித்துக் காத்திருக்கவேண்டும். ஓரிடத்தில் நிலைத்து வாழாதவர்களுக்கு அது எளிதன்று.

அவ்வாறு நிலைத்து வாழ்ந்த ஊர்களில் ஒன்று அஓமோரியின் சன்னாய் மருயாமா. 1992இல் பேஸ்பால் அரங்கம் கட்டுவதற்கு முன் தொடங்கிய அகழ்வில், ஏறக்குறைய 5,900 முதல் 4,200 ஆண்டுகளுக்கு முன்வரை மக்கள் குடியிருந்த பேரூர் வெளிப்பட்டது. 1994இல் அரங்கத் திட்டம் நிறுத்தப்பட்டது. நீகத்தாவின் பச்சை ஜேட் கல்லும் தொலைவிடங்களின் எரிமலைக் கண்ணாடிக் கல்லும் அங்கு வந்து சேர்ந்திருந்தன. மரப்பட்டை இழையால் பின்னிய சிறு பை ஒன்று, உள்ளே ஒரு வால்நட் ஓட்டுடன் கிடைத்தது.

அங்கே 4.2 மீட்டர் இடைவெளியில் அமைந்த ஆறு குழிகளில், ஏறத்தாழ 1 மீட்டர் விட்டமுள்ள செஸ்ட்நட் மரத்தூண்களின் அடிப்பகுதிகள் நின்றன. அது கோபுரமா, கூரையிட்ட கட்டடமா என்று இன்றும் வாதம் நடக்கிறது. ஆய்வாளர்கள் அங்குக் கிடைத்த செஸ்ட்நட் கொட்டைகளின் மரபணுவை ஒப்பிட்டபோது, இயற்கைக் காட்டில் காணும் வேறுபாட்டைவிட அவற்றில் வேறுபாடு குறைவாக இருந்தது. அம்மக்கள் அந்த மரங்களைத் தேர்ந்து பேணி வளர்த்தனர் என்பதற்கு அது சான்று. அந்தக் குழிகளின் அருகே மாதிரிக் கட்டமைப்பை எழுப்ப முனைந்தவர்களுக்கு அத்தனை பருமனான செஸ்ட்நட் மரங்கள் உள்நாட்டில் அகப்படாமல், ரஷ்யாவிலிருந்து தருவிக்க வேண்டியதாயிற்று.