கண்ணியின் கடைசிச் சீர்: சூஃபி பாட்டில் அவைக்கு உரிய இடம்

அவையோருக்கு என் வணக்கம்.

சூஃபி எனும் இஸ்லாமிய ஞானவழியின் கவிதையும் இசையும் ஒருவருக்கு ‘நானும் இவர்களைச் சேர்ந்தவன்’ என்ற உணர்வை எப்படித் தருகின்றன என்பது இன்றைய தலைப்பு. இதைப் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் அன்பு, ஒருமை என்று பாடலின் கருத்திலிருந்து தொடங்குவார்கள். நான் யாப்பிலிருந்து தொடங்குகிறேன். கேட்பவருக்கென்று ஓர் இடத்தைப் பாட்டின் கட்டுமானமே ஒதுக்கி வைத்திருக்கிறது. மேடையில் நாம்தான் அந்த இடத்தை அடைத்துவிடுகிறோம். அது என் நெடுநாள் வருத்தம்.

கண்ணி என்ற வடிவத்தை எடுத்துக்கொள்வோம். எல்லோருக்கும் தெரிந்த தாயுமானவர் கண்ணி:

எல்லாரும் இன்புற் றிருக்க நினைப்பதுவே
அல்லாமல் வேறொன் றறியேன் பராபரமே

இரண்டு அடி, அடிக்கு நான்கு சீர். எட்டாவது சீர் ‘பராபரமே’. கண்ணிக்குக் கண்ணி மற்ற ஏழு சீரும் மாறும், இது மாறாது. முதல் இரண்டு கண்ணி கேட்டவருக்கு மூன்றாவதின் முடிவு தெரிந்துவிடும். வாய் தானாகத் திறக்கும். அந்தச் சொல்லின் அமைப்பையும் பாருங்கள். ‘ரா’வும் ‘மே’யும் நெடில். பயிற்சி இல்லாத தொண்டைகூடப் பிடித்து நிற்க இரண்டு இடம். பாடகர் ஏழு சீர் பாடி, எட்டாவதை அவைக்கு விட்டுவிட வேண்டும். கண்ணி கேட்பது அவ்வளவுதான்.

18ஆம் நூற்றாண்டில் தாயுமானவர் பாடிய இந்த வடிவத்தை, அடுத்த நூற்றாண்டில் குணங்குடி மஸ்தான் சாகிபு கையில் எடுத்தார். தொண்டிக்கு அருகே குணங்குடியில் பிறந்து, சென்னை இராயபுரத்தில் அடங்கியவர். இயற்பெயர் சுல்தான் அப்துல் காதிர். அவரும் பராபரக்கண்ணி பாடினார். றகுமான் கண்ணியும் பாடினார். மனோன்மணிக் கண்ணியில் இறைவனைப் பெண்ணாக வைத்து உருகினார். சூஃபி ஞானி முகியித்தீன்மீது சதகம் பாடிய அதே வாய், அகத்தியர்மீது அகத்தீசன் சதகமும் பாடியது. சைவப் புலவர் திருத்தணிகை சரவணப்பெருமாளையர் அவர்மீது நான்மணிமாலை பாடினார். ‘எல்லாச் சமயமும் ஒன்று’ என்று யாரும் மேடையில் அறிவித்து நடந்ததல்ல இது. ஒரே யாப்பில் இருவர் பாடினார்கள். ஒருவர் பாட்டின் கடைசிச் சீர் மற்றவர் பாட்டுக்கும் பொருந்தியது. கீழக்கரை ஆசியா உம்மா, இளையான்குடி கச்சிப்பிள்ளை அம்மாள் போன்ற பெண் ஞானியரும் இந்த மரபில் பாடியவர்களே. நிகழ்ச்சி நிரல்களில் அவர்கள் பெயர் வருவதே இல்லை. சேர வேண்டும்.

இனி நடைமுறைக்கு வருகிறேன். முதல் சிக்கல் சுருதி. ஆண் பாடகர் 1 கட்டையில், அதாவது ஆர்மோனியத்தின் C சுரத்தை ‘ச’வாக வைத்துப் பாடினால், அவை பாடும் சீரை மத்திய ஸ்தாயி (நடு எட்டு) சட்ஜமத்துக்கும் தைவதத்துக்கும் நடுவே, ‘ச’ முதல் ‘த’ வரை, அமைத்தால் போதும். ஆண்கள் அதே இடத்தில் பாடுவார்கள், பெண்கள் ஒரு ஸ்தாயி மேலே பாடுவார்கள், இருவருக்கும் சிரமமில்லை. பெண் பாடகர் 5 கட்டையில் (G சுரம்) பாடும்போதுதான் தவறு நேர்கிறது. அவர் உணர்ச்சி மேலிட்டு மேல் ஸ்தாயி பஞ்சமத்தில் கடைசிச் சீரை நிறுத்துவார். கேட்க அற்புதமாக இருக்கும், அவையில் ஒருவராலும் தொடர முடியாது. இதற்கு வழி மத்திம சுருதி, அதாவது ‘ம’வை ‘ச’வாகக் கொண்டு பாடுவது. 5 கட்டையின் மத்திமம் 1 கட்டையில் விழுகிறது. சுருதிப் பெட்டியை ச-ம வைத்து, மத்திமத்தையே ஆதாரமாகக் கொண்டு மெட்டமைத்தால் அவை மறுபடி 1 கட்டைக்கு வந்துவிடும்.

ராகத்தில் செஞ்சுருட்டியைப் பரிந்துரைப்பேன். அது மேல் சட்ஜமத்தைத் தொடாமல் மந்திர (கீழ் எட்டின்) பஞ்சமத்துக்கும் மத்திய நிஷாதத்துக்கும் நடுவிலேயே உலவும் ராகம். கூட்டுக் குரலுக்கென்றே அமைந்தது போன்றது. சிந்துபைரவி ராகம் உருக்கமானதுதான். ஆனால் நிகழ்ச்சி முழுக்க அதிலேயே போனால் எல்லாப் பாட்டும் ஒரே துயரமாகிவிடும். மஸ்தான் சாகிபு துயரம் மட்டும் பாடியவர் அல்லர்.

நேரக்கணக்கு அவசியம். அடிக்கு ஆதி தாளத்தில் ஓர் ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று), 8 அட்சரம் (தாள எண்ணிக்கை) என்று வைப்போம். முதலடி இரண்டு முறை, இரண்டாமடி இரண்டு முறை, பிறகு அவை பாட இரண்டு ஆவர்த்தனம்: மொத்தம் 48 அட்சரம். நிமிடத்துக்கு 60 அட்சர வேகத்தில் ஒரு கண்ணிக்கு 48 விநாடி. பத்துக் கண்ணிக்கு 8 நிமிடம். ஒரு பாட்டுக்கு இது போதும். நீண்ட கண்ணித் தொடரை முழுவதும் பாட ஆசைப்பட்டால் இருபதாவது கண்ணியில் அவை களைத்துவிடும். வேகத்தை 60இல் தொடங்கி, முடிவில் 100 வரை ஏற்றலாம். மூன்று கண்ணிக்கு ஒரு முறை சிறிது சிறிதாக ஏற்ற வேண்டும். தபேலாக்காரர் ஒரே தாவாகத் தாவினால் கைதட்டு பிசகும். கை பிசகியவர் வெட்கப்பட்டு வாயையும் மூடிவிடுவார். அவரை மறுபடி பாட வைப்பது கடினம்.

தப்ஸ் என்னும் தோல் பறை வாசிக்கும் குழுவானால், தோல் ஈரக்காற்றில் தொய்ந்து சத்தம் மங்கும் என்பதை மறக்கக் கூடாது. அரங்குக்குள் நுழையுமுன் இதமான சூடு காட்டித் தட்டிப் பார்க்க வேண்டும். அதிகச் சூடு பட்டால் தோல் விறைத்து, பின்பு கிழியும்.

அடுத்தது ஒலிபெருக்கி. அவை வாயடைத்துப் போவதற்கு முக்கியக் காரணம் இதுதான் என்பேன். பக்கத்தில் இருப்பவர் குரல் காதில் விழாத அளவுக்குச் சத்தம் வைத்தால் யாரும் பாடமாட்டார்கள். தன் குரல் மட்டும் தனியாகக் கேட்குமோ என்ற அச்சம் எல்லோருக்கும் உண்டு. கடைசிச் சீர் வரும்போது பாடகர் மைக்கிலிருந்து ஒரு முழம் விலக வேண்டும், ஆர்மோனியம் மட்டும் சுரத்தைப் பிடித்திருக்க வேண்டும். அரங்கின் விளக்குகளை அணைக்கவும் கூடாது. இருட்டில் அச்சிட்ட வரிகளைப் படிக்க முடியாது, பக்கத்தவர் வாய் அசைவும் தெரியாது. முடிந்தால் மேடையே வேண்டாம். அரைவட்டமாகத் தரையில் அமரலாம்.

வட இந்திய சூஃபிகளின் கூட்டுப்பாட்டான கவ்வாலியிலிருந்து நாம் கற்க வேண்டியது இரண்டு. ஒன்று தக்ரார்: அவையில் ஒரு வரி யாரையாவது தைத்துவிட்டது என்று தெரிந்தால் பாடகர் அதை விட்டு நகராமல் திரும்பத் திரும்பப் பாடுவது. மற்றது கிரா: பாட்டின் நடுவே வேறொரு கவிஞரின் ஈரடியைச் செருகி, மறுபடி மூல வரிக்குத் திரும்புவது. தமிழில் கிராவுக்குக் கண்ணியைவிடப் பொருத்தமான வடிவம் எனக்குத் தெரியவில்லை. மஸ்தான் சாகிபின் பராபரக்கண்ணிக்கு நடுவே தாயுமானவரின் கண்ணி ஒன்றைப் பாடிப் பாருங்கள். தாளம் மாறாது, கடைசிச் சீரும் மாறாது. அவை தடுமாறாமல் பதில் சொல்லும். ஆனால் இரண்டு கண்ணிக்குமேல் செருகினால் எது மூலப்பாட்டு என்பது மறந்துவிடும்.

ஒன்றை வற்புறுத்திச் சொல்ல வேண்டும். எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று சிலர் நபிகள் நாயகத்தைப் போற்றும் பகுதியையும் அரபுச் சொற்களையும் வெட்டிவிடுகிறார்கள். இது தவறு. கவ்வாலி மரபில் முதலில் இறைவன்மீது ஹம்து, பிறகு நபிமீது நஅத், அதன்பின் இறைநேசர்களான வலிமார்மீது மன்கபத் என்று ஒரு வரிசை உண்டு. பாடுபவர் தாம் யார் வழி வந்தவர் என்று சொல்லும் வரிசை அது. அதை அறுத்துவிட்டு விருந்தினரை அழைப்பதில் என்ன மரியாதை இருக்கிறது? தெரியாத சொல்லுக்கு, பாடுமுன் ஒரே வாக்கியத்தில் பொருள் சொன்னால் போதும். பாட்டுக்கு நடுவே உரை நிகழ்த்தினால் சுருதியும் போகும், லயமும் போகும்.

மேடையே இல்லாமல் இவை அனைத்தும் நடக்கும் இடம் கன்னியாகுமரி மாவட்டத்துத் தக்கலை. அங்கே சூஃபி கவிஞர் பீர் முகம்மது அப்பாவின் ‘ஞானப் புகழ்ச்சி’ என்ற நூலை, இஸ்லாமிய மாதமான ரஜப் பிறை 14 இரவில், ஊர் மக்களே கூடி விடிய விடியப் பாடுகிறார்கள். பாட்டுக்குச் சொந்தக்காரர் யார், கேட்பவர் யார் என்ற கோடே அங்கு இல்லை. நிகழ்ச்சி நடத்த விரும்புகிறவர்கள் முதலில் அங்கே போய்க் கேளுங்கள். தர்காவில் காலணி கழற்றி, தலை மறைத்து அமருங்கள். தொழுகை அழைப்பான பாங்கு ஒலித்தால் வாத்தியம் நிற்க வேண்டும். உங்கள் சொந்த மேடையில் பாங்கு கேட்டாலும் அப்படியே செய்யுங்கள்.

கடைசியாக, ஒத்திகை. இசைக்குழு மட்டும் கூடிப் பார்க்கும் ஒத்திகை பாதி வேலைதான். பாட்டே தெரியாத பத்துப் பேரை எதிரில் உட்கார வைத்து ஒரு முறை பாடுங்கள். மூன்றாவது கண்ணியில் அவர்களில் பாதிப்பேராவது கடைசிச் சீரைச் சொல்லவில்லை என்றால் அவர்களைக் குறை கூறாதீர்கள். சுருதியை அரைக் கட்டை இறக்குங்கள், வேகத்தைக் குறையுங்கள், ஆர்மோனியத்தைத் தாழ்த்துங்கள், மறுபடி முதல் கண்ணியிலிருந்து தொடங்குங்கள்.